துளை இல்லாத துவக்கு

வாழ்நாளில் ஒரு துவக்கும் வைத்திராதவர், வாங்கவும் நினையாதவர், சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துவக்கு பார்க்க உட்கார்ந்துவிடுவார். எசன் நகரில் எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்வீடு அவருடையது. மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டால் என் மனைவி, "அண்ணை கடை திறந்திட்டார்" என்பாள். கடை என்பது அவருடைய டேப்லெட். அதில் இணைய ஏலங்கள். ஏலத்தில் பழைய துவக்குகள். சக்கிமுக்கிக் கல் பட்டு நெருப்பு விழுந்து வெடிக்கிற காலத்துக் கைத்துவக்கு, நீளத் துவக்கு, கனவான்கள் விடியற்காலையில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதற்குச் சோடியாகச் செய்வித்தவை. இந்த வயதுச் சாமானுக்கு ஜேர்மனியில் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. வீட்டு மணிக்கூட்டை விற்பதுபோல விற்கலாம். அதனால் விற்பவர்களும் அதிகம், பொய்யும் அதிகம். அண்ணை பார்ப்பது துவக்கை அல்ல, பொய்யை.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவர் மகளோடு இருக்கவென்று ஹம்பேர்க்குக்குக் குடிபோய்ச் சில வருடமாகிறது. இப்போது மேல்வீட்டில் ஒரு சோடி இருக்கிறது. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், கதிரையைத் தூக்கித்தான் வைப்பார்கள். எனக்குச் சனிக்கிழமைகளில் ஏதோ குறைகிறது.

அண்ணை வேலை செய்தது தண்ணீர்க் குழாய்க்குத் திருகுபிடி வார்க்கும் ஒரு தொழிற்சாலையில். வார்ப்பில் வெடிப்பு, குமிழி, ஒட்டுக்கோடு இருந்தால் எடுத்துப் பக்கத்தில் போடுவதுதான் அவர் வேலை. பக்கத்து மேசையில் ஹோர்ஸ்ட் என்ற ஜேர்மன்காரன். அவனுடைய பிறந்தநாளுக்குப் போன இடத்தில், தன் பாட்டனாரின் பாட்டனார் காலத்துக் கைத்துவக்கு என்று ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறான். அண்ணை கேக்கைச் சாப்பிட்டபடியே அதைத் திருப்பிப் பார்த்து, "இது அடிச்சுச் செய்தது இல்லை, வார்த்தது. கோடு தெரியுது" என்று சொல்லிவிட்டார். பிறந்தநாள் வீடு அத்தோடு கலைந்தது. ஹோர்ஸ்ட் ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஏதோ ஏலத்தில் வந்த படத்தைக் கைத்தொலைபேசியில் நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "இது எப்படி?" என்று கேட்டிருக்கிறான். அப்படித்தான் இந்தப் பைத்தியம் தொடங்கியது. அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டாளிகள்.

பார்க்கிற முறையை எனக்கும் சொல்லித் தந்தார், நான் கேட்காமலே. "படத்தில இருக்கிறதைப் பார்க்காதேயும் தம்பி. எந்தப் பக்கத்தைப் படம் எடுக்கேல்லை எண்டு பாரும்." கை படுகிற இடம் தேயும், படாத இடம் தேயாது. பொய்க்காரன் எல்லா இடத்தையும் ஒரே அளவில் தேய்ப்பான். அமிலம் ஊற்றித் துருவைக் கொண்டுவருவான், ஆனால் திருகாணித் தலையை மறந்துபோவான். அதன் வெட்டு இயந்திரம் வெட்டியதுபோல் நேராக இருக்கும். உண்மையில் சுட்ட துவக்கென்றால் குழலின் பக்கத்தில் மருந்துக்கு நெருப்புப் போகிற சின்னத் துளை இருக்கும். அதன் ஓரம் அரித்திருக்கும். சில இடத்தில் மூன்று துவக்கின் துண்டுகளைக் கூட்டி ஒரு துவக்கு செய்திருப்பார்கள். அதைக் கண்டால், "இது கூட்டுக் குடும்பம்" என்பார்.

அவருக்கு உண்மையில் எரிச்சல் வருவது சாமானில் அல்ல, கூட வரும் கதையில். சாமான் உண்மையாக இருந்தாலும் கதை பொய்யாக இருக்கும். இன்ன தளபதி இடுப்பில் கிடந்தது, இன்ன போரில் எடுத்தது, இன்ன கோட்டையின் பரணில் கிடந்தது. "இந்த நாட்டில வீட்டுக்கு வீடு பரண் நிறையத் துவக்குப் போல கிடக்கு. ஒருத்தனும் உடுப்புக் காயப்போடப் பரணுக்கு ஏறுறேல்லையோ?" என்று கேட்பார்.

துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவர், ஓய்வு நேரத்தில் துவக்குப் படமாகப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொருந்தவில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன். "உங்களுக்கு இதில என்ன சந்தோசம் அண்ணை?"

"ஒரு துவக்குப் பொய் எண்டு கண்டுபிடிச்சால் சந்தோசம்தான். உலகத்தில ஒரு துவக்குக் குறைஞ்சுது பாரும்" என்றார். நான் பகிடி விடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கண்டுபிடிப்பதோடு நின்றிருந்தால் ஊருக்கும் உலகத்துக்கும் நிம்மதி. அவர் விற்பவருக்கு எழுதுவார். அகதியாக வந்த காலத்தில் மாலை வகுப்பில் படித்த ஜேர்மன். மரியாதைக்கு ஒரு குறையும் இராது. மிகவும் மதிப்புக்குரிய விற்பனையாளர் அவர்களே என்று தொடங்கும். தங்களுடைய துவக்குப் பொய் சொல்கிறது என்பது இரண்டாவது வரி. பிறகு காரணங்கள். முடிவில் நட்பார்ந்த வணக்கங்கள், தங்கள் குடும்பத்தாருக்கும். சிலர் நன்றி சொல்லிப் படத்தை எடுத்துவிடுவார்கள். பலர் திட்டுவார்கள். ஒரு தளத்தில் இவரை உள்ளே விடாமல் பூட்டியே விட்டார்கள். அன்றைக்கு இனிப்பு வாங்கி வந்து எங்களுக்கும் தந்தார். தன் சொல் சரி என்பதற்கு அதைவிட ஒப்புதல் வேண்டுமா என்பது அவருடைய வாதம்.

எப்போதும் அவர் சொன்னது சரி என்று நினைக்க வேண்டாம். கிழக்கு ஜேர்மனியில் ஒரு ஓய்வுபெற்ற அம்மாளின் துவக்குக்கு, திருகாணிகள் புதிது, ஆகவே முழுவதும் சந்தேகம் என்று எழுதிவிட்டார். திருகாணிகளைத் தன் தகப்பனார் மாற்றினார், அதை விவரத்தின் மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறேன், தாங்கள் கண்ணாடி அணிந்து வாசிக்க வேண்டும் என்று பதில் வந்தது. வேறு ஆளென்றால் அந்தப் பதிலை அழித்துவிட்டுப் பேசாமல் இருப்பான். இவர் அதைக் கட்டடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். துருக்கிக்காரர் வீட்டுக் கதவையும் தட்டினார். "மனிசி எவ்வளவு நேர்மையா எழுதியிருக்குது பாருங்கோ" என்று அவருக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. ஒரு கிழமை கழித்து அந்த அம்மாளுக்கு ஒரு பெட்டி இலங்கைத் தேயிலை அனுப்பினார். வெல்வதில் அவருக்கு ஆசை இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கு உண்மை தெரிந்தால் போதும், அது யார் வாயிலிருந்து வந்தாலும்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு துவக்கோடு மட்டும் நிற்க ஏலுமா? ஒரு கலியாண வீட்டில் மணப்பெண்ணின் தாலிக்கொடியைத் தூரத்திலிருந்தே பார்த்து, "முலாம்" என்றார். மெல்லத்தான் சொன்னார். பாட்டு நின்ற நேரம் பார்த்துச் சொன்னதுதான் பிழை. அதற்குப் பிறகு சில வீட்டு அழைப்பிதழ்களில் அவருடைய மனைவியின் பெயர் மட்டும் இருந்தது. அக்கா நல்ல மனுசி, அதையும் தாங்கிக்கொண்டார். மகள் ஜெனிக்கு வந்த சம்பந்தங்களில்தான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை படம் வந்தால் அண்ணை அதையும் ஏலப் படத்தைப் பார்ப்பதுபோலவே பார்ப்பார். முதலாவது மாப்பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பின்னால நிக்கிற காரின்ர இலக்கத் தகடு பழைய மாதிரி. படம் எடுத்துக் கன காலம். பொடியனை இப்ப வெளிச்சத்தில வைச்சு, பக்கவாட்டில ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ" என்று தரகரிடம் சொன்னார். அது அத்தோடு போய்விட்டது. இரண்டாவது மாப்பிள்ளை கம்பனியில் முகாமையாளர் என்றார்கள். இவர் எந்தக் கம்பனி, எத்தனை பேருக்கு முகாமையாளர் என்று கேட்டுக்கொண்டே போக, தன்னைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை என்பது வெளிவந்தது. அதுவும் போய்விட்டது. தரகர் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அழுவதை நானே கண்டிருக்கிறேன்.

ஜெனி புத்தியுள்ள பிள்ளை. பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள். முப்பது வயது தாண்டியதும் யாரையும் கேட்காமல் தானே ஒருவனைக் கண்டுபிடித்தாள். ஹம்பேர்க்கில் நம் ஆட்கள்தான், மன்னார்ப் பக்கம், வேதக்காரர். பொடியன் தங்கமானவன் என்று சொல்ல எனக்குப் பயம், அண்ணையின் காதில் விழுந்தால் உரசிப் பார்ப்பார். நல்லவன் என்று சொல்கிறேன். முறைப்படி இரு வீட்டாரும் சந்திக்க வேண்டும். அண்ணைக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். நான்தான் கார் ஓட்டினேன். புறப்படும்போது ஜெனி தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அங்க நீங்கள் ஒண்டும் சொல்லக் கூடாது."

"பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"இல்லை அப்பா. பேசாமல் இருக்கச் சொல்லுறன். இது எனக்கு வேணும்."

அண்ணை கொஞ்சம் யோசித்து, பேசாமல் இருப்பது பொய் ஆகாது என்ற முடிவுக்கு வந்தார். "சரி பிள்ளை, வாயைத் திறக்க மாட்டன்" என்றார். நல்ல உசாராகத்தான் காரில் ஏறினார்.

மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் பெரிய புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. கை நீட்டி உபசரிக்கிற மனிதர். வாசலிலேயே என்னையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். றோல்ஸ், பற்றிஸ், கேக், பிறகு சாப்பாடு, பிறகும் கேக். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அண்ணை உண்டார், தலையாட்டினார், சிரித்தார். ஜெனியின் முகத்தில் இரத்தம் திரும்ப வந்தது. அப்போதுதான் சம்பந்தி எழுந்து, மடு மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சிவப்புப் பட்டில் ஒரு கைத்துவக்கு. மேலே அதற்கென்று ஒரு சின்ன மின்விளக்கு.

"அண்ணை, நீங்கள் இதில விண்ணர் எண்டு மகன் சொன்னவன். இதை ஒருக்காப் பாருங்கோ. எங்கட பூட்டனுக்கு ஒல்லாந்தர் குடுத்தது. அவர் அவங்களுக்கு முதலியாரா இருந்தவர். நான் ஊரைவிட்டு வெளிக்கிடேக்க ஒடியல் மாப் பைக்குள்ள வைச்சு, மொஸ்கோவால கொண்டுவந்தனான்."

பூட்டனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையில் நூறு வருடத்துக்குமேல் இடைவெளி வரும் என்பது எனக்கே தெரிந்தது. மொஸ்கோவில் எங்கள் செருப்பின் அடியைக்கூடக் கிழித்துப் பார்த்தார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவுக்குள் துவக்கு வந்ததாம். ஆனால் அங்கே இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். எங்கள் சனத்திடம் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. ஒருவர் இந்த நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று சொல்லும் கதையில் மற்றவர் கை வைப்பதில்லை. எந்த எல்லையில் எந்த ஆற்றை நீந்திக் கடந்தேன் என்றாலும், ஓம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் சொல்லும்போது அவரும் அப்படித்தான் கேட்பார். அந்தக் கதைகளை வைத்துத்தான் எங்களுக்கு இங்கே இருக்க இடம் கிடைத்தது. கலியாண வீட்டுக் கொடியைக்கூட விடாத அண்ணை, இந்த ஒன்றை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை.

அண்ணை துவக்கைக் கையில் வாங்கினார். முதலில் பாரத்தைப் பார்த்தார். பிறகு பிடி, பிறகு திருகாணித் தலைகள், பிறகு எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிதாகக் குத்தியிருந்த ஒல்லாந்தர் முத்திரை. பெருவிரல் குழலின் பக்கமாகப் போய் ஒரு இடத்தில் நின்றது. அந்த இடத்திலேயே முன்னுக்கும் பின்னுக்கும் தடவியது. ஜெனி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார், உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டிருப்பார். பேசாமல் இருந்துவிடலாம் என்று வந்தவரிடம் நேராகக் கேள்வி கேட்டாகிவிட்டது.

"எப்பிடி அண்ணை?" என்றார் சம்பந்தி.

"நல்ல சாமான்" என்றார் அண்ணை. "கவனமா வைச்சிருங்கோ."

சம்பந்தி சந்தோசத்தில் அவரைத் திரும்பவும் கட்டிப்பிடித்தார். கலியாணத்துக்கு மண்டபம் பார்ப்பது வரை அன்றைக்கே கதைத்து முடிந்தது. வெளியே வரும்போது ஜெனி தகப்பனின் கையைப் பிடித்துப் புறங்கையில் முத்தம் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவள் அவருடைய மகள் அல்லவா.

திரும்பி வரும்போது ஜெனியும் அக்காவும் பின்னால் நித்திரை. பிறேமன் நகரத்தைத் தாண்டினோம். அண்ணை முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார், "துளையே இல்லைத் தம்பி."

"விடுங்கோ அண்ணை."

"அலங்காரத்துக்கு வார்த்தது. நெருப்புப் போக வழியில்லை. ஒரு துளையாவது போட்டிருக்கலாம், அந்தச் சின்ன வேலை செய்யவும் பஞ்சி." பெருவிரலைத் தேய்த்தபடி, "வந்த கதைக்குள்ள வைச்சிட்டாரே. அதை அங்கயிருந்து எப்பிடி எடுக்கிறது? ஏலாது" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன ஆளின் குரல் அது, எனக்குப் பாவமாக இருந்தது.

கலியாணம் சிறப்பாக நடந்தது. மண்டபத்தில் சம்பந்தி ஒலிவாங்கியைப் பிடித்து, தங்கள் குடும்பத்தின் பெருமையைச் சொல்லி, "என்ர சம்பந்தியே கையில எடுத்துப் பாத்துச் சொன்னவர்" என்றார். சனம் கைதட்டியது. அண்ணை தட்டில் இருந்த சோற்றை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெனி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, மேலே கதிரை இழுபட்டது, உடனே படியில் காலடி. அண்ணை டேப்லெட்டைப் பிடித்தபடி என் வாசலில் நின்றார்.

"இதை வாசியும்."

வாசித்தேன். இலங்கைப் பிரபு ஒருவரின் குடும்பச் சொத்து, ஒல்லாந்தர் அன்பளித்தது, அகதியாக வந்த வாரிசு உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தது. எசனில் வசிக்கும் துவக்கு நிபுணர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து உறுதிப்படுத்தியது.

"நான் வழக்கம்போல எழுதத் துவங்கிட்டன் தம்பி. அந்த நிபுணர் ஒரு பொய்யர், அவரை நம்பவேண்டாம் எண்டு ஒரு வரி எழுதி முடிச்சிட்டன். பிறகுதான் பாத்தால் படத்தில மூலையில மடு மாதா நிக்கிறா."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். ஏன் விற்கிறார் என்று அக்கா ஹம்பேர்க்குக்குத் தொலைபேசியில் விசாரித்தார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் பெயரில் வங்கியில் போடவாம். ஏமாற்றும் எண்ணம் அந்த மனிதருக்குக் கொஞ்சமும் இல்லை. துவக்கு எப்போது எங்கே வாங்கியது என்பதையே அவர் மறந்திருப்பார். கதையைப் பல வருடம் சொல்லிச் சொல்லி அது அவருக்கு நடந்ததாகவே ஆகிவிட்டது. அவருடைய நம்பிக்கையில் ஒரு துளை இருந்திருந்தால், அதையும் அண்ணையின் இரண்டு சொல் அடைத்துவிட்டது.

"சொன்னால் பிள்ளைக்கு அந்த வீட்டில முகம் இல்லை. சொல்லாட்டில் ஆரோ ஒருத்தன் என்ர சொல்லை நம்பிக் காசைக் குடுக்கப் போறான்" என்றார் அண்ணை. உள்ளே வந்து என் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படிந்தது. கடைசியில், "நானே வாங்குறன்" என்றார்.

இத்தனை வருடம் ஏலம் பார்த்தவர் வாழ்க்கையில் முதல் தரம் ஏலம் கேட்டார். பொய் என்று உலகத்தில் வேறு எவரையும்விடத் தெளிவாகத் தெரிந்த சாமானுக்கு. பெயர் தெரியக்கூடாது என்பதால் ஹோர்ஸ்ட் தன் கணக்கைக் கொடுத்தான். பொத்தானை அண்ணை அழுத்தினார், பக்கத்தில் ஹோர்ஸ்ட் பியர் குடித்தபடி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில் யாரோ விடாமல் ஏற்றினான். நிபுணரின் சொல்லை அவ்வளவு நம்பியிருக்கிறான் பாவம். ஸ்பெயினுக்குப் போகவென்று அக்காவுக்குச் சொல்லி வைத்திருந்த விடுமுறை அதில் போய்விட்டது. துவக்கு ஹோர்ஸ்ட் வீட்டுக்கு வந்தது, அங்கிருந்து என் நிலவறைக்கு வந்தது. அண்ணை அதைத் தன் வீட்டுக்குள் எடுக்க மறுத்துவிட்டார்.

அடுத்த கிழமை சம்பந்தி தொலைபேசி எடுத்தார். அண்ணை ஒலிபெருக்கியில் போட்டார், நானும் கேட்டேன். "அண்ணை, ஒரு ஜேர்மன்காரன் கொள்ளை விலை குடுத்து வாங்கினவன். அவங்களுக்குத்தான் எங்கட சாமானின்ர அருமை தெரியும். எல்லாம் உங்கட சொல்லால."

"நல்லது" என்றார் அண்ணை. மகளுக்காகச் சொன்ன பொய்க்கு இத்தோடு ஒரு முடிவு வந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

பேத்தி பிறந்து ஞானஸ்நானத்துக்கு ஹம்பேர்க் போனோம். கோவிலில் எல்லாம் முடிந்து, ஜெனியின் வீட்டில் சனம் தட்டும் கையுமாக நின்ற நேரம், சம்பந்தி ஒரு துவாயில் சுற்றிய பொருளை அண்ணையின் கையில் வைத்தார்.

"இது உங்களுக்கு, என்ர அன்பளிப்பு. இதுக்குக் கதை ஒண்டும் இல்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில ஒரு ஜேர்மன் கிழவியின்ர மேசையில கிண்ணியள், கோப்பையளுக்கு நடுவில கிடந்தது. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

பூ வேலையோ முத்திரையோ இல்லாத, கறுத்துப்போன ஒரு கைத்துவக்கு. எங்கள் வீட்டுத் திருகு சாவியில்கூட இதைவிட அழகு இருக்கும். அண்ணை அதை யன்னலடிக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைப் போட்டார், கழற்றி நெற்றியில் ஏற்றினார், கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். நேரம் போனது. சனம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. திரும்பவும் அதே இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று நினைத்தேன்.

"இது உண்மைச் சாமான்" என்றார் அண்ணை. குரல் கொஞ்சம் நடுங்கியது. "கையால செய்தது. பாவிச்சது. ஒரு துண்டும் மாத்தேல்லை. நான் இவ்வளவு காலத்தில இப்பிடி ஒண்டு கையில பிடிச்சதில்லை."

சம்பந்தி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "முந்தினதும் உண்மை, இதுவும் உண்மை. என்ர கை ராசி அப்பிடி." எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு தொடர்ந்தது.

ஜெனி பிள்ளையைப் புருசனிடம் கொடுத்துவிட்டுத் தகப்பனைச் சமையலறைக்குள் கூட்டிவந்தாள். நான் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தேன். என்னை அவள் வெளியாளாக நினைப்பதில்லை.

"அப்பா, போதும். அண்டைக்கு ஒருக்காச் சொன்னீங்கள், அது எனக்கு ஆயுளுக்கும் காணும். இனி எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ. இவையள் என்னை நல்லா வைச்சிருக்கினம். நீங்கள் உள்ளதைச் சொன்னாலும் இனி எனக்கு ஒண்டும் வராது."

"நான் உள்ளதைத்தான் சொன்னனான் பிள்ளை."

"ஓம் அப்பா."

"இல்லைப் பிள்ளை, இஞ்ச பார், இந்தத் துளையின்ர ஓரத்தைப் பார். இது வந்து—"

"ஓம் அப்பா, ஓம்." அவள் கண் கலங்கியிருந்தது. தகப்பனின் கன்னத்தில் கொஞ்சினாள். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது, போய்விட்டாள்.

அந்தத் துவக்கு உண்மையானதுதான். ஹோர்ஸ்ட் அதைப் பெரிய ஏலக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்ட, அவரும் அதையே சொன்னார். ஆனால் அது பிந்தி நடந்தது. அந்த நேரம் சமையலறையில் எனக்கு அது தெரியாது. எனக்கும் ஜெனியின் எண்ணம்தான். மனிசன் மகளுக்காகப் பொய் சொல்ல நன்றாகப் பழகிவிட்டார், குரலைக்கூட நடுங்கவைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர்மேல் எனக்கு முன்பைவிட அன்பு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணை துவக்கை உள்ளங்கையில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"நீர் நம்புறீரோ தம்பி?"

"நம்புறன் அண்ணை" என்றேன்.

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது, அதை இறக்க அவருக்குத் தேவைப்படவில்லை.

"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, துவாயை மேசையில் விரித்துத் துவக்கை மெல்லச் சுற்றத் தொடங்கினார்.